முதலில் துணி, பிறகுதான் வாயு

(எமது வானொலியில் ஒலிபரப்பான மாதாந்த உரையின் எழுத்துவடிவம்)

 

வழமையாக இந்த நேரத்தில் வரிப் பத்திரம், வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று கணக்கு விடயங்களையே பேசுவேன். இந்த மாதம் சற்று வேறான விடயம். நேயர் ஒருவர், துப்புரவு வேலை செய்யும் ஒரு தங்கை, தொலைபேசியில் கேட்ட கேள்விதான் காரணம். அவர் கேட்டதை அவருடைய பேச்சிலேயே சொல்கிறேன்.

"அண்ணை, எங்கட வேலையிடத்துக்குப் புது மெசின் ஒண்டு கொண்டு வந்திருக்கினம். கதவைப் பூட்டிப்போட்டு அதை ஓடவிட்டா அறைக்குள்ள இருக்கிற வைரஸ் எல்லாம் செத்துப்போகுமாம். இனி முந்தின மாதிரித் தேய்ச்சுத் துடைக்கத் தேவையில்லை எண்டு சொல்லுகினம். மெய்யே?"

நான் கணக்காளன், வைத்தியன் அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு வைத்தியம் மட்டும் அல்ல, கணக்கும் தேவைப்படுகிறது. எங்கள் சமூகத்தில் துப்புரவு வேலை தொடாத குடும்பம் அரிது. அகதியாக வந்து இறங்கிய காலத்தில் ஒஸ்லோவின் வைத்தியசாலைகள், பாடசாலைகள், அலுவலகங்கள், பேருந்துகள், விடுதிகள் என்று எங்கள் கைகள் துடைக்காத இடம் குறைவு. இன்றும் பலர் அந்தத் தொழிலிலேயே இருக்கிறார்கள், சிலர் சொந்த நிறுவனமும் நடத்துகிறார்கள். ஆகவே வாயுவைப் பயன்படுத்திக் கிருமி நீக்கும் முறைகள் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். "வாயு" என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று வகை உண்டு. ஒன்று, உண்மையான வாயு. ஓசோன், குளோரீன் டைஒக்சைட், எத்திலீன் ஒக்சைட், போமல்டிஹைட் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, ஆவி. ஐதரசன் பரொக்சைட் என்ற திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கி அறைக்குள் பரப்புவது. மூன்றாவது, பனிப்புகார் போன்ற மிக நுண்ணிய துளிகள். விளம்பரங்களில் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவார்கள். எங்கள் வசதிக்காக மூன்றையும் வாயு முறை என்றே இங்கு சொல்கிறேன்.

ஏன் வாயு? துணி பிடித்த கை போகாத இடத்துக்கும் அது போகும். கட்டிலின் அடிப்பக்கம், கணினி விசைகளின் இடுக்கு, மருத்துவக் கருவிகளின் வயர்கள், அம்புலன்ஸின் மூலை முடுக்குகள் இவற்றையெல்லாம் கையால் முழுமையாகத் துடைப்பது சிரமம். வாயு எல்லா இடத்துக்கும் பரவும். இந்த வாயுக்களில் பெரும்பாலானவை கிருமியின் வெளிப்பகுதியையும் உட்பகுதியையும் ஒக்சிசன் ஏற்றி எரிப்பது போலச் சிதைக்கின்றன. அதே வேலையை எங்கள் சுவாசப்பையிலும் செய்யக்கூடியவை என்பதை நினைவில் வைத்திருங்கள். பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

வைரஸ்களிலும் வேறுபாடு உண்டு. கொரோனா வைரஸ், இன்ஃபுளுவென்சா வைரஸ் போன்றவற்றுக்குக் கொழுப்பினாலான ஒரு மேலுறை இருக்கிறது. சாதாரண சவர்க்காரமே அந்த உறையைக் கரைத்துவிடும். ஆனால் குளிர்காலத்தில் எங்கள் பிள்ளைகள் பாலர் பாடசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் வாந்தி, வயிற்றோட்டம் இருக்கிறதே, நோர்வேஜியர்கள் 'ஒம்காங்ஸ்சீக்கெ' என்று சொல்வது, அதற்குப் பெரும்பாலும் காரணமான நொரோ வைரஸுக்கு அந்த உறை கிடையாது. அது முரட்டு வைரஸ். கையில் பூசும் அல்ககோல் ஜெல் அதற்கு அவ்வளவாக வேலை செய்யாது. மேசையிலும் கதவுப்பிடியிலும் நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே "எல்லா வைரஸையும் கொல்லும்" என்று ஒரு விளம்பரம் சொன்னால், எந்த வைரஸில் பரிசோதித்தார்கள் என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

புகையாலும் வாயுவாலும் நோயை விரட்டுவது எங்களுக்குப் புதிய சிந்தனை அல்ல. அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் வேப்பிலை கட்டி, சாம்பிராணி காட்டியதை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வீட்டைத் தனிப்படுத்தி, வெளியார் வராமல் தடுத்ததில் நல்ல பயன் இருந்தது. ஆனால் சாம்பிராணிப் புகை வைரஸைக் கொல்லும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். கப்பல்களிலும் வீடுகளிலும் கந்தகத்தை எரித்துப் புகை போட்டார்கள். ஜேர்மனிய விஞ்ஞானி ரொபேர்ட் கொக் 1881ஆம் ஆண்டில் அந்தக் கந்தக வாயுவைப் பரிசோதித்து, கடினமான கிருமி வித்துக்களை அது கொல்லவில்லை என்று காட்டினார். மணம் கடுமையாக இருந்தால் மருந்தும் கடுமையாக வேலை செய்யும் என்ற நம்பிக்கை அன்றே அடிபட்டுப் போனது. ஆனால் அந்த நம்பிக்கை இன்னும் முற்றாகச் சாகவில்லை.

அதன் பிறகு வந்தது போமல்டிஹைட். தெற்காசிய வைத்தியசாலைகள் பலவற்றில் சத்திரசிகிச்சைக் கூடத்தை மூடி, போமலினோடு பொட்டாசியம் பெர்மங்கனேற்றைச் சேர்த்து வாயு எழுப்பி, அடுத்த நாள்வரை பூட்டி வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தாதியராகவோ சிற்றூழியராகவோ ஊரில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கண்ணெரிவு ஞாபகம் இருக்கும். போமல்டிஹைட் கிருமியைக் கொல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. இத்தகைய கேடுகளால்தான் பல நாடுகளின் வைத்தியசாலைகள் ஐதரசன் பரொக்சைட் பக்கம் திரும்பின. அது வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஒக்சிசனாகவும் பிரிந்துவிடும். நஞ்சு எச்சம் தங்குவதில்லை.

இந்த ஐதரசன் பரொக்சைட் முறையைப் பற்றிய ஒரு முக்கியமான பரிசோதனை எங்கள் ஒஸ்லோவிலேயே நடந்தது. உல்லவோல் பல்கலைக்கழக வைத்தியசாலையில் பியோர்க் மரித் அண்டர்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. 5 சதவீத ஐதரசன் பரொக்சைட்டை உலர்ந்த புகை போலப் பரப்பும் ஒரு இயந்திரத்தை அறைகளிலும், அம்புலன்ஸ்களிலும், மருத்துவக் கருவிகளிலும் வைத்துச் சோதித்தார்கள். வைரஸைவிடக் கொல்லக் கடினமான பக்டீரியா வித்துக்களைச் சிறு தாள்களில் வைத்து அங்கங்கே ஒளித்தார்கள். வித்து செத்தால் இயந்திரம் தேறியது என்று பொருள்.

முடிவுகளைக் கணக்குப் புத்தகம் போல வாசிக்கிறேன், கவனமாகக் கேளுங்கள். இயந்திரத்தை ஒரு சுற்று ஓடவிட்டபோதும் இரண்டு சுற்று ஓடவிட்டபோதும் பலன் இல்லை. மூன்று சுற்றும் ஓடிய பிறகுதான் பலன் தெரிந்தது. அப்போதும் மூடிய சோதனை அறைகளில் 146 சோதனைகளில் 87 சதவீதமே வெற்றி. சத்திரசிகிச்சைப் பிரிவில் 48 சோதனைகளும் வெற்றி. மருத்துவக் கருவிகளின் உட்பகுதிகளில் வைத்த 220 சோதனைகளில் 62 சதவீதம் அளவே வெற்றி. கருவியை ஓடவைத்துக் காற்றை உள்ளே இழுக்கச் செய்தபோதுதான் உட்பகுதியும் முழுமையாகச் சுத்தமானது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இயந்திரம் பொய் அல்ல. ஆனால் ஒரு சுற்று ஓடவிட்டுவிட்டு "எல்லாம் சரி" என்று கதவைத் திறப்பவர், ஒன்றுமே செய்யாதவருக்குச் சமம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அறை ஒரே மாதிரித்தான் இருக்கும். சோதனைத் தாள் வைத்துப் பார்த்தவருக்கு மட்டுமே உண்மை தெரியும்.

அடுத்து, அந்தத் தங்கையின் கேள்வியின் நடுப்பகுதி. துடைக்காமல் விடலாமா? விடவே கூடாது. காரணம் எளிமையானது. வாந்தி, சளி, இரத்தம், எண்ணெய்ப்பசை, தூசி ஆகியவை வைரஸுக்குப் போர்வை மாதிரி. வாயு மேற்பரப்பில் பரவுமே தவிர அழுக்குப் படையைத் துளைத்துக்கொண்டு போகாது. அத்துடன் வாயுவின் வலிமை அந்த அழுக்கோடு சண்டையிட்டே செலவாகிவிடும். காய்ந்த கறிச்சட்டியை ஊறவைத்துத் தேய்க்காமல் அதன் மேல் ஆவி பிடித்தால் சுத்தமாகுமா? அதே நியாயம்தான்.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் செய்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றும் இதற்குத் துணை நிற்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளோடு நோயாளி ஒருவர் இருந்து போன அறையை ஐதரசன் பரொக்சைட் ஆவியால் சுத்தம் செய்தபோது, அதே அறைக்கு அடுத்ததாக வந்த நோயாளிகள் அந்த வகைக் கிருமிகளைப் பெறுவது 64 சதவீதம் குறைந்திருந்தது. மிக நல்ல பலன். ஆனால் அங்கே ஆவி விட்டது வழமையான துப்புரவு வேலை முடிந்த பிறகு. துப்புரவுப் பணியாளருடைய கைவேலைக்கு மேலதிகமாகத்தான் அந்த இயந்திரம் வந்தது, அதற்குப் பதிலாக அல்ல. இந்த ஒரு வரியை உங்கள் வேலைத்தலத்தில் சொல்லக்கூடியதாக மனதில் வைத்திருங்கள்.

இப்போது ஓசோனுக்கு வருவோம். இணையக் கடைகளில் வீட்டுக்கும் காருக்கும் என்று சிறிய ஓசோன் இயந்திரங்கள் விற்கிறார்கள். "வைரஸைக் கொல்லும், வீட்டில் ஆட்கள் இருக்கும்போதும் பாதுகாப்பானது" என்று சில விளம்பரங்கள் சொல்கின்றன. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கனடாவின் வன்கூவர் நகரில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஓசோனால் வைரஸ்களைக் கொல்லும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். பன்னிரண்டு வகை வைரஸ்களில் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய அளவு, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 20 முதல் 25 பங்கு ஓசோன். அதனோடு காற்றின் ஈரப்பதனையும் 90 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினார்கள். மறுபக்கம், நோர்வேயில் வேலைத்தலக் காற்றில் ஓசோன் பத்து இலட்சத்தில் 0.1 பங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி. 25ஐ 0.1ஆல் வகுத்துப் பாருங்கள். 250 மடங்கு.

ஆகவே அந்த ஆய்வில் வைரஸைக் கொன்ற அளவு, மனிதருக்கு அனுமதித்த அளவைவிட 200 முதல் 250 மடங்கு அதிகம். ஆட்கள் இருக்கும் அறையில் ஓடவிடக்கூடிய அளவு மென்மையான இயந்திரம் அந்தப் பலனைத் தரப்போவதில்லை. அந்தப் பலனைத் தரும் இயந்திரம் என்றால் அறைக்குள் ஒரு மனிதரும், நாய் பூனையும், மீன்தொட்டியும், பூச்சாடியும்கூட இருக்கக்கூடாது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்பவர் இரண்டில் ஒன்றில் உங்களை ஏமாற்றுகிறார். ஓசோன் சுவாசக் குழாயை எரிக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இழுப்பைத் தூண்டும், இறப்பரையும் உக்க வைக்கும். ஆரம்பத்தில் மணம் தெரியும், ஆனால் மூக்கு விரைவில் பழகிவிடும். மணம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணக்கூடாது.

ஐதரசன் பரொக்சைட்டுக்கும் எல்லை உண்டு. அது பத்து இலட்சத்தில் 1 பங்கு. ஆகவேதான் வைத்தியசாலைகளில் ஒழுங்காகச் செய்பவர்கள் கதவு இடுக்குகளையும் காற்றோட்டத் துவாரங்களையும் ஒட்டி மூடுகிறார்கள், கதவில் எச்சரிக்கை போடுகிறார்கள், வேலை முடிந்ததும் அளவுகருவியால் பார்த்து, அளவு இறங்கிய பிறகே உள்ளே போகிறார்கள். கருவி இல்லாமல் "அரை மணித்தியாலம் போதும்" என்று குத்துமதிப்பாகச் சொல்வது முறை அல்ல.

நான் சிறு நிறுவனங்கள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தின் சிட்டைகளில் ஒரு மாதம் ஓசோன் இயந்திரம் வாங்கிய செலவு வந்தது. அடுத்த மாதம் ஒவ்வொரு அறைக்கும் கொடுத்த துப்புரவு நேரம் குறைந்தது. அதற்கு அடுத்த மாதங்களில் சுகவீன விடுமுறை கூடியது. இது ஒரு நிறுவனத்தின் மூன்று நான்கு வரிகள்தான், இதை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது. ஆனால் அளவுகருவி வாங்கிய சிட்டை மட்டும் எங்குமே இல்லை. இயந்திரத்துக்குப் பணம் இருந்தது, அதற்குள் போய்வரும் மனிதரின் மூச்சை அளப்பதற்குப் பணம் ஒதுக்கவில்லை. எனக்கு உறுத்திய விடயம் அதுதான்.

ஆகவே துப்புரவு வேலை செய்யும் உறவுகளுக்குச் சில நடைமுறை விடயங்கள். உங்கள் வேலைத்தலத்தில் பயன்படுத்தும் ஒவ்வொரு இரசாயனப் பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்க வேண்டும். அவற்றின் தொகுப்பை 'ஸ்தொஃப்கார்த்தொத்தேக்' என்பார்கள். அது மேலாளரின் அலுமாரிக்குள் பூட்டி வைப்பதற்கு அல்ல, நீங்கள் பார்ப்பதற்கு. தயங்காமல் கேளுங்கள். வாயு இயந்திரம் என்றால் நான்கு கேள்விகள். எந்த இரசாயனம்? எத்தனை நேரம் அறை பூட்டியிருக்க வேண்டும்? உள்ளே போகலாம் என்பதை எந்தக் கருவியால் அளக்கிறோம்? எங்களுக்கு யார் பயிற்சி தருவார்? பதில் கிடைக்காவிட்டால் பணியாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதியான 'வெர்னஊம்பூட்'டிடம் சொல்லுங்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்குச் சட்டத்தில் உண்டு. அதற்கும் மேலே 'ஆர்பைட்ஸ்தில்சீனெ' என்ற தொழிற் கண்காணிப்பு நிறுவனம் இருக்கிறது. மொழி சரளமாக வராது என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளையோ நண்பர்களையோ கொண்டு ஒரு கடிதம் எழுதுவிக்கலாம்.

நிறுவனம் நடத்தும் எங்களவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நல்ல இயந்திரம் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் அளவுகருவியையும், பயிற்சியையும், கையால் துடைக்கும் நேரத்தையும் அந்தச் செலவுத் திட்டத்திலேயே சேர்த்து எழுதுங்கள். சேர்த்த பிறகும் கட்டுப்படியானால் அது நல்ல முதலீடு. சேர்க்காமல் கட்டுப்படியாகிறது என்றால், மிச்சத்தைப் பணியாளரின் சுவாசப்பை கட்டுகிறது.

வாயு முறை வைரஸுக்கு எதிராக உண்மையிலேயே கைகொடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2020 வசந்தகாலத்தில் உலகம் முழுவதும் முகக்கவசத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவில் பட்டெல் என்ற ஆய்வு நிறுவனம் என்95 முகக்கவசங்களை ஐதரசன் பரொக்சைட் ஆவியால் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வழிசெய்தது. 2020 மார்ச் 29ஆம் திகதி அதற்கு அவசர அனுமதி கிடைத்தது. புதிய கவசங்கள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் 2021இல் அந்த அனுமதியை மீளப் பெற்றுக்கொண்டார்கள். மூடிய கொள்கலன், பயிற்சி பெற்ற ஆட்கள், அளவு, நேரம், சோதனை எல்லாம் இருந்தன. அதனால் பலனும் இருந்தது.

அதே வசந்தகாலத்தில் இதற்கு நேர்மாறான காட்சிகளையும் பார்த்தோம். 2020 மார்ச் கடைசியில் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் பரேலி என்ற இடத்தில், ஊர் திரும்பிய ஏழைத் தொழிலாளர்களை வீதியில் குந்தவைத்து அவர்கள் மேல் குளோரீன் கலந்த நீரைப் பீச்சி அடித்தார்கள். சிறு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநீக்கச் சுரங்கம் ஒன்றை அமைத்து, அதனூடாக மக்களை நடக்கவிட்டார்கள். வேறு ஊர்களும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. அந்த மாதத்திலேயே தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத்துறை அவற்றை நிறுத்தச் சொன்னது. ஏப்ரல் 18இல் இந்திய மத்திய சுகாதார அமைச்சும் ஆட்கள் மேல் தெளிக்க வேண்டாம் என்று அறிவித்தது. மே 15இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் தெளிவாகச் சொன்னது. எந்தச் சூழ்நிலையிலும் மனிதர் மேல் கிருமிநாசினி தெளிக்கக்கூடாது, கட்டடங்களுக்குள் வழமையான முறையாகப் புகை அடிப்பதோ தெளிப்பதோ பரிந்துரைக்கத்தக்கது அல்ல, துணியால் துடைப்பதே முறை என்றது.

அந்தப் பரேலிக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்களில் பலருக்கு நெஞ்சு கனத்தது. எல்லைகளிலும் முகாம்களிலும் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். மனிதரையே அழுக்காகப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நோயாளியின் உடலுக்குள் இருக்கும் வைரஸை வெளியில் தெளிக்கும் மருந்து தொடாது. சட்டை நனையும், கண் எரியும், வந்த நோய் அப்படியே இருக்கும்.

இன்னொரு வாயுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்திலீன் ஒக்சைட். ஊசி, வடிகுழாய் போன்ற, சூடாக்க முடியாத மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்க உலகெங்கும் பயன்படும் வாயு இது. வைரஸையும் கொல்லும், ஆனால் இதுவும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். 2020 செப்டெம்பரில் இந்தியாவிலிருந்து வந்த எள்ளில் இந்த வாயுவின் எச்சம் இருப்பதை பெல்ஜியம் கண்டுபிடித்தது. ஐரோப்பிய எல்லை ஒரு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். சில பொதிகளில் பல நூறு மடங்கு இருந்தது. அதன் பிறகு ஐரோப்பா முழுவதும் எள் சேர்ந்த உணவுப்பொருட்களைக் கடைகளிலிருந்து மீளப் பெற்றார்கள். ஊசிக்குச் சரியான வாயு எள்ளுருண்டைக்குச் சரியாக இருக்காது. எந்தப் பொருளில், எந்த இடத்தில், எவ்வளவு என்பதைப் பொறுத்தே அது மருந்தா நஞ்சா என்று தீர்மானமாகிறது.

இப்போது வீட்டுக்கு வருவோம். வீட்டுக்கு வாயு இயந்திரம் தேவையா? தேவையில்லை. 2020 மார்ச்சில் வெளிவந்த ஆய்வு ஒன்றில் கொரோனா வைரஸ் பிளாஸ்ரிக்கில் 72 மணித்தியாலம்வரை உயிர்ப்போடு இருந்ததாக வாசித்து எல்லோரும் பயந்தோம். பால் பெட்டியைக்கூடக் கழுவினோம். ஆனால் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், தொற்றுள்ள பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணித்தது. அந்த நோய் பெரும்பாலும் காற்றினூடாகவே பரவியது. அதற்கு யன்னலைத் திறப்பது இயந்திரத்தை வாங்குவதைவிட நல்லது, செலவும் இல்லை.

நொரோ வைரஸ் வேறு. அது கையாலும் பரப்பாலும் நன்றாகவே பரவும். வீட்டில் பிள்ளை வாந்தி எடுத்தால் கையுறை போட்டுக் கடதாசியால் அள்ளி, பையில் கட்டி எறியுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள். அதற்குப் பிறகே குளோரீன் கரைசலால் துடையுங்கள். போத்தலில் எழுதிய அளவுப்படி தண்ணீர் கலந்து, எழுதிய நேரம்வரை ஊறவிடுங்கள். இங்கும் முதலில் அழுக்கு, பிறகு கிருமி என்ற அதே ஒழுங்குதான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஜெல்லை நம்பாதீர்கள். வாந்தியும் வயிற்றோட்டமும் நின்று 48 மணித்தியாலம் கழிந்த பிறகே பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு அனுப்புங்கள். கோயில் அன்னதானத்துக்கோ கொண்டாட்டத்துக்கோ சமைக்கப் போகிறவர்களும் அதே 48 மணித்தியாலத்தைக் கடைப்பிடியுங்கள்.

வீட்டில் நாங்கள் அறியாமலே வாயு உண்டாக்கும் வழி ஒன்று இருக்கிறது. இங்கே எல்லோர் வீட்டிலும் இருக்கும் குளோரின் போத்தலை, மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தோடோ, வினாகிரியோடோ, எலுமிச்சையோடோ கலந்தால் குளோரீன் வாயு எழும். அமோனியா சேர்ந்த திரவத்தோடு கலந்தால் வேறொரு நச்சு வாயு எழும். "இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன்" என்று நினைத்துச் செய்பவர்கள் உண்டு. 2020இன் முதல் மூன்று மாதங்களில் அமெரிக்க நச்சுத் தகவல் நிலையங்களுக்குத் துப்புரவு மற்றும் கிருமிநாசினிப் பொருட்கள் பற்றி 45,550 அழைப்புகள் வந்தன. முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட இது 20 சதவீதம் கூட. அதில் ஒரு பெண், கடையில் வாங்கிய மரக்கறிகளைக் கழுவ வேண்டும் என்று செய்தியில் கேட்டு, குளோரீன் திரவத்தையும் வினாகிரியையும் சுடுதண்ணீரையும் கழுவுதொட்டியில் கலந்து ஊறப்போட்டார். சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி அம்புலன்ஸில் போனார். நல்லவேளையாக ஒட்சிசன் கொடுத்து, சில மணித்தியாலங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு திரவம் மட்டும். யன்னல் திறந்திருக்கட்டும். தவறுதலாகக் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்து நல்ல காற்றை எடுங்கள், பிள்ளைகளையும் வெளியேற்றுங்கள். நோர்வே நச்சுத் தகவல் நிலையமான 'கிஃப்த்இன்ஃபொர்மஷூனன்' இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்குகிறது. தொலைபேசி இலக்கம் 22 59 13 00. மூச்சுவிட முடியாமல் இருந்தால் தாமதிக்காமல் 113. இந்த இரண்டு இலக்கங்களையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். நோர்வேஜிய மொழி தெரியாத வயதான அம்மா அப்பா வீட்டில் இருந்தால், குளோரின் போத்தலில் தமிழில் "தனியே பாவிக்கவும்" என்று பெரிதாக ஒட்டிவிடுங்கள்.

நேயர்களே, சுருக்கிச் சொல்வதென்றால் இவ்வளவுதான். வாயு நல்ல வேலைக்காரன், ஆனால் பூட்டிய அறைக்குள், ஆளில்லாத நேரத்தில், அளவோடும் சோதனையோடும் வேலை செய்ய வேண்டியவன். அவனுக்கு முன்னால் துணியும் சவர்க்காரமும் பிடித்த ஒரு மனிதக் கை போக வேண்டும். அந்தக் கைக்கு உரிய நேரத்தையும், ஊதியத்தையும், நல்ல காற்றையும் கொடுத்துவிட்டுத்தான் இயந்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒஸ்லோவின் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் விடிய முன் எழுந்து போய் அந்த வேலையைச் செய்யும் எங்கள் அக்காமார், அண்ணன்மார், தங்கைகள் எல்லோருக்கும் இந்த வானொலியூடாக எனது மரியாதையைத் தெரிவிக்கிறேன்.

இந்த உரை பற்றிய உங்கள் கேள்விகளையும் அனுபவங்களையும் வழமைபோல நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் மீண்டும் வரிக்கணக்கோடு சந்திப்போம்.